படித்தவர் வெளியேற 12,200 ரூபிள்

1972 ஆகஸ்ட்டில் சோவியத் அரசு ஓர் ஆணை போட்டது. நாட்டை விட்டு நிரந்தரமாகப் போக விரும்பும் பட்டதாரி, தன் படிப்புக்கு அரசு செலவழித்த பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் 12,200 ரூபிள். அன்றைய சராசரி மாதச் சம்பளமோ 130 ரூபிள் அளவில்தான் இருந்தது. ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். விசாவுக்கும் குடியுரிமையைத் துறப்பதற்குமான 900 ரூபிள் தனி. இஸ்ரேலுக்குப் போக மனுப் போட்டிருந்த யூதர்கள்தான் இதில் முக்கியமாக மாட்டினார்கள்.

மக்கள் பணத்தில் படித்துவிட்டு இன்னொரு நாட்டுக்கு உழைக்கலாமா என்று அரசு கேட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்பளத்தைக் குறைவாக நிர்ணயித்ததே அரசுதான். பட்டம் வாங்கியதும் அரசு காட்டிய இடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தாகவும் வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் அப்படி உழைத்தவர் என்ன பாக்கி வைத்திருப்பார்?

சரி, அப்படியானால் எதற்கு இந்த வரி? இன்னும் மனுப் போடாதவர்களுக்காக. ஒரு பொறியாளர் போனால் இழப்பு சிறிதுதான். அவரைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரருக்கும் ஆசை வந்துவிட்டால்தான் அரசுக்கு ஆபத்து. அதனால் முதல் அடியிலேயே பயம் வர வேண்டும்.

பணம் அதில் ஒரு பகுதிதான். மனுவோடு, வேலை செய்யும் இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். அதைக் கேட்ட நாளே மேலதிகாரி முதல் சக ஊழியர் வரை எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். பலருக்கு வேலை போனது. வேலையில்லாமல் இருந்தால் ‘ஒட்டுண்ணி’ என்று வழக்குப் போடச் சட்டம் இருந்தது. அதனால் அனுமதி மறுக்கப்பட்ட விஞ்ஞானிகள் கொதிகலன் அறைகளில் கரி தள்ளினார்கள், லிஃப்ட் இயக்கினார்கள். இப்படி வருடக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்க்கிற மற்றவர்கள் எப்படி மனுப் போடுவார்கள்?

அமெரிக்க செனட்டர் ஹென்றி ஜாக்சன், மக்களை வெளியேற விடாத நாட்டுக்கு வணிகச் சலுகை கிடையாது என்று சட்டத் திருத்தம் கொண்டுவந்தார். 1973இல் சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் வரி வசூலை நிறுத்தினார். ஆனால் அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் அரசின் கையிலேயே இருந்தது. 1979இல் சுமார் 51,000 யூதர்கள் வெளியேறினார்கள். அப்புறம் அமெரிக்காவோடு உறவு கெட்டது. ‘அரசு ரகசியம் தெரிந்தவர்’ என்ற ஒரு காரணமே மனுவைத் தள்ளப் போதுமானதாக இருந்தது. 1986இல் வெளியேற முடிந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை.