குடியை விட்டவர் ஏன் வாடிப்போகிறார்?

கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை நிறுத்தி 19 நாட்களான தம் கணவரைப் பற்றி ஒரு வாசகி எழுதியிருந்தார். "குடித்த காலத்திலாவது பிள்ளைகளிடம் சிரித்துப் பேசுவார். இப்போது பொழுது சாய்ந்தால் திண்ணையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறார், டீகூட ருசிக்கவில்லை என்கிறார். குடி இல்லாமல் இவரால் இருக்கவே முடியாதோ?" என்பது அவருடைய கேள்வி. பல வீடுகள் இந்த ஐயத்தோடு நின்றுவிடுவதில்லை; "கொஞ்சமாகக் குடித்துத் தொலையட்டும்" என்று மனம் தளர்ந்துவிடுகின்றன.

மது மூளையின் அடக்கும் சமிக்ஞையான காபாவை வலுப்படுத்தி, தூண்டும் சமிக்ஞையான குளுட்டமேட்டை மட்டுப்படுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது மூளை நேர்மாறாகச் சரிசெய்துகொள்வதால், மது திடீரென நின்றதும் கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் வருகின்றன. மிகுதியாகக் குடித்தவர்களுக்கு வலிப்பும், இரண்டு மூன்று நாட்களில் உயிரையே பறிக்கக்கூடிய பிதற்றல் நிலையும் நேரலாம். கயிறு கட்டும் நம்பிக்கையோடு எனக்குச் சண்டை இல்லை. பலரறியக் கொடுத்த வாக்கு சிலரைத் தாங்கிப் பிடிக்கவே செய்கிறது. ஆனால் அந்த முதல் வாரத்துக்கு மருத்துவரின் மேற்பார்வையும், வலிப்பைத் தடுக்கும் மாத்திரையும், மூளையைக் காக்கும் தயமின் என்ற பி1 வைட்டமினும் தேவை. கணவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கச் சொல்லி விற்கப்படும் பொடிகளை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது: அதில், மதுவோடு சேர்ந்தால் உடலைக் கடுமையாகப் பாதிக்கும் டைசல்ஃபிரம் என்ற மருந்து கலந்திருந்து, அதை அறியாமல் அவர் குடித்துவிட்டால், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நடுக்கம் அடங்கிய பிறகு வரும் வாட்டத்துக்குக் காரணம் மூளையின் இன்னொரு மூலையில் இருக்கிறது. மது உள்ளே போனதும் அக்கும்பென்ஸ் என்ற சிறு பகுதியில், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருள் பெருகுகிறது. அந்த டோபமைன் அங்குள்ள நரம்பணுக்களில் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளில் அமர்ந்து, உள்ளே கிரெப் என்ற புரதத்தை உசுப்பிவிடுகிறது. கிரெப் ஒரு குறிப்பிட்ட மரபணுவை இயக்குகிறது. அந்த மரபணுவின் கட்டளைப்படி டைனார்ஃபின் என்ற பொருள் உற்பத்தியாகிறது. ஆவ்ரம் கோல்ட்ஸ்டைன் குழுவினர் 1979இல் கண்டறிந்த இந்தப் பொருள், நாம் நன்கறிந்த எண்டார்ஃபினின் உறவுக்காரன்தான்; ஆனால் எண்டார்ஃபின் இதம் தர, டைனார்ஃபினோ கப்பா என்ற ஏற்பி வழியாக மனத்தைக் கசக்க வைக்கிறது. வலி நிவாரணிகளாகுமா என்று பார்ப்பதற்காகக் கப்பா ஏற்பியைத் தூண்டும் மருந்துகளை மனிதர்களுக்குக் கொடுத்தபோது, அவர்களுக்கு உண்டானது இனம்புரியாத மனக்கசப்பு.

இங்கேதான் நான் ஒவ்வொரு முறையும் வியந்து நிற்கிறேன். அந்தக் கப்பா ஏற்பிகள், டோபமைனைச் சுரக்கும் நரம்பு முனைகளின் மீதே அமைந்திருக்கின்றன. டைனார்ஃபின் அவற்றில் வந்து ஒட்டியதும் அடுத்த முறை வெளிவரும் டோபமைனின் அளவு குறைகிறது. அதாவது இன்பம் தன்னை அடக்கும் பொருளுக்கான ஆணையைத் தானே எழுதித் தானே கையெழுத்தும் போடுகிறது. மலைப்பாதை இறக்கத்தில் வண்டி கட்டுமீறாமல் இருக்கப் போடும் பிரேக்கைப் போன்ற நல்ல ஏற்பாடு இது. நாள்தோறும் குடிப்பவரின் மூளையில் அந்த பிரேக் இறுகிக்கொண்டே போகிறது. குடியை நிறுத்தியபின் இறக்கம் முடிந்து சமதளம் வந்துவிட்டாலும் பிரேக் உடனே விடுபடுவதில்லை. குழந்தையின் சிரிப்பு, டீயின் சூடு, பழைய பாட்டு என்று சமதளத்தில் வண்டியை நகர்த்தும் சிறு தள்ளல்கள் எல்லாம் அந்த பிரேக்கின் முன் தோற்றுப்போகின்றன. போதைக்கு எதிராக மூளை எழுப்பும் இந்த இருண்ட பக்கத்தை ஜார்ஜ் கூப் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் துருவி வருகிறார்கள். இந்த அறிவில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து கிடைத்தது என்பதையும், மனிதரின் வாட்டத்தில் கடனும் அவமானமும் இழந்த வேலையும் சேர்ந்திருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிரேக் தளர எவ்வளவு நாளாகும்? பிரவுன், ஷக்கிட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சிகிச்சைக்கு வந்த 191 ஆண்களைப் பின்தொடர்ந்து, 1988இல் முடிவை வெளியிட்டார்கள். சேரும்போது 42 விழுக்காட்டினரிடம் கடுமையான மனச்சோர்வு இருந்தது. குடிக்காமல் நான்கு வாரம் கழிந்தபோது அது 6 விழுக்காடாகக் குறைந்திருந்தது. குடியை நிறுத்திச் சுமார் ஒரு மாதம் கழித்தும் விலகாத சோர்வைத் தனி நோயாகக் கருதி மருத்துவர்கள் சிகிச்சை தருவது இந்த அடிப்படையில்தான். தூக்கம் மட்டும் சீராகப் பல மாதங்கள் பிடிக்கலாம்.

இடைப்பட்ட நாட்களில், மனம் வந்தபின் செய்யலாம் என்று காத்திராமல், செய்த பின்னரே மனம் வரும் என்ற வரிசையில் நடப்பது உதவுகிறது. முன்பு கடைக்குக் கிளம்பிய அதே மாலை ஏழு மணிக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோ, பிள்ளையோடு தெருமுனை வரை நடப்பதோ, தொடக்கத்தில் சப்பென்று இருந்தாலும் தொடர வேண்டும். கோவாவில் மருத்துவரல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, இந்த முறையில் மனச்சோர்வுக்கு ஆலோசனை வழங்கச் செய்த ஆய்வு 495 பேரிடம் நடத்தப்பட்டு நல்ல பலன் தந்தது. மதுவை அரசே விற்றுப் பணம் ஈட்டும் நம் மாநிலத்தில், மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பியவரை ஓராண்டு பின்தொடரும் இத்தகைய ஆய்வுகளுக்கு அந்தப் பணத்தில் ஒரு துளியாவது போக வேண்டும் என்பது என் கருத்து.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு: உங்கள் கணவரின் 19 நாட்கள், பிரேக் இன்னும் இறுகியிருக்கும் காலம், அவர் மீண்டும் குடித்தால் அது மேலும் இறுகும். இப்போதே ஒருமுறை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டிவிடுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னாலும் நான்கு வாரம் முடியட்டும் என்று இருக்க வேண்டாம், அன்றே அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எந்த நேரமும் பேசலாம். போகும்போது அவர் கடைசியாகக் குடித்த தேதியை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.