நிறம் போனால் நஞ்சு போனதாகுமா?

சாயப்பட்டறைக் கழிவு என்றதும் நம் கண் போவது நிறத்தின் மீதுதான். திருப்பூர் வழியே போகும் நொய்யல் ஆறு சிவப்பாக ஓடினால் கொதிக்கிறோம். தெளிந்து ஓடினால் ஆறுதல் அடைகிறோம். அந்த ஆறுதலை நம்பிவிடக் கூடாது.

செயற்கைச் சாயங்களில் பாதிக்கு மேல் அசோ வகையைச் சேர்ந்தவை. இரட்டைப் பிணைப்பால் இணைந்த இரண்டு நைட்ரஜன் அணுக்கள்தான் அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். கழிவிலுள்ள மற்ற கரிமப் பொருட்களைத் தின்னும் பாக்டீரியாக்கள், அப்போது கிடைக்கும் எலக்ட்ரான்களை எதன் மீதாவது இறக்கியாக வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் அதுவே முந்திக்கொண்டு வாங்கிக்கொள்ளும்; சாயம் அப்படியே கிடக்கும். அதனால் சுத்திகரிப்பு நிலையத்தின் முதல் தொட்டியில் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே எலக்ட்ரான்கள் சாயத்துக்குப் போகின்றன. ஒரு பிணைப்பு முழுதாக அறுபட நான்கு எலக்ட்ரான்கள் வேண்டும். அறுந்ததும் நிறம் மறைகிறது.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. உடைந்த துண்டுகள் அரோமேட்டிக் அமீன்கள்; அதாவது, கார்பன் வளையத்தில் நைட்ரஜன் ஒட்டிய சேர்மங்கள். பெரும்பாலும் நிறமற்றவை, சில, மூலச் சாயத்தைவிடக் கொடியவை. பழைய சாயங்கள் சிலவற்றிலிருந்து பிரியும் பென்சிடின், சிறுநீர்ப்பைப் புற்றுநோயை உண்டாக்குவது. இந்த இடத்தில் சுத்திகரிப்பை நிறுத்தினால், கண்ணுக்குத் தெரிந்த நஞ்சைத் தெரியாத நஞ்சாக மாற்றியதுதான் மிச்சம்.

எனவே அடுத்த தொட்டியில் காற்றை ஊதுகிறார்கள். இங்கே வாழும் பாக்டீரியாக்கள் வேறு. இவற்றின் நொதிகள் ஆக்சிஜனை அமீனின் வளையத்துக்குள் நுழைத்து அதைத் திறந்துவிடுகின்றன. திறந்த வளையம் உணவாகி, பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் முடிகிறது. சல்போனேட் எனும் கந்தகத் தொகுதி ஒட்டிய அமீன்கள் மட்டும் எளிதில் மசியாது; அவற்றுக்குப் பழகிய பாக்டீரியாக்களும் கூடுதல் நேரமும் தேவை.

பாக்டீரியாக்கள் திரண்ட சேற்றுக்குக் காற்றூட்டும் இந்த முறை 1914-இல் மான்செஸ்டரில் உருவானது. தொட்டியின் உடல்நிலையைப் பார்க்க இன்றும் ஒரு லிட்டர் அளவுச் சாடிதான். தொட்டி நீரை அதில் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைப்பார்கள். பழுப்புச் சேறு திரண்டு அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நின்றால் நல்லது. சேறு உப்பிப் படியாமல் நின்றால் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது.

பாக்டீரியாவால் ஆகாத காரியம் ஒன்று உண்டு: உப்பு. பருத்தியில் சாயம் ஏற, ஒரு லிட்டர் சாயநீருக்குப் பல பத்து கிராம் உப்பு போடுகிறார்கள். அதை எந்த நுண்ணுயிரும் சிதைக்காது. திடீரென அளவு ஏறினால் தொட்டியில் உள்ளவையே செத்துப்போகும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்கு அவை மாறியாக வேண்டியிருந்தது. பாக்டீரியா தின்று முடித்த நீரை நீரை விட்டு உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. சவ்வில் செலுத்தி, எஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்குகிறார்கள். மீட்ட உப்பில் தூய்மையானது மறுபடி சாயமிடப் போகிறது. பல உப்புகள் கலந்த கழிவு மூட்டைகளாகக் கிடங்கில் சேர்கிறது.