மீட்டரை விடுங்கள், கம்பளத்தைத் தூக்குங்கள்

சென்ற மாதம் ஒரு தம்பி, தண்டையார்பேட்டையில் உள்ள என் பட்டறைக்குச் சிவப்பு நிற இரண்டு கதவு பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பணம் கொடுத்தாகிவிட்டது, மீதியைக் கொடுப்பதற்குள் நான் ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம். "அண்ணா, முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. பெயின்டில் ஒரு கீறல்கூட இல்லை" என்றார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை அது வரும் வரைக்கும் இழுத்தேன். கடைசி ஒரு முழம் மட்டும் வேறு நிறம். அதன் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினேன், காய்ந்த வண்டல் தூளாக மடியில் உதிர்ந்தது.

அந்தக் கோடு எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கமானதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் பகுதியில் எண்ணெயும் மிதந்து வந்தது. வீட்டுச் சுவர்களில் படிந்தது போலவே வண்டிகளிலும் படிந்தது. வெளியே பாலிஷ் போட்டவருக்குப் பெல்ட்டின் அடிப்பகுதி நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் எத்தனை குதிரைத் திறன், எத்தனை கிலோமீட்டர் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வடசென்னையில் வண்டி வைத்திருக்கப் போகிறவர் கேட்க வேண்டியது வேறு: இது எவ்வளவு தண்ணீர் பார்த்திருக்கிறது? எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், சோழவரம் ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் வண்டி தயார் செய்தவர். எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறக்க விடமாட்டார். "முதலில் கீழே படு" என்பார்.

நீங்களும் படுத்துப் பாருங்கள். இருக்கை ஓடும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா? இருக்கைக்கு அடியில் போகும் வயர் இணைப்புகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருக்கிறதா? கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, அதன் கீழ் உள்ள பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருக்கும், பஞ்சு ஈரத்தை மாதக்கணக்கில் விடாது. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் விடாதீர்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் எனக்குச் சந்தேகம் தூக்கலாகிவிடும். கூரை மடங்கும் வண்டி என்றால் இன்னும் கவனம்: கூரை ஓரத்து வடிகால் துளைகளை இலைச் சருகு அடைத்தால், வெள்ளமே தேவையில்லை, ஒரு நாள் மழையே மின்னணுப் பெட்டிக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது ஸ்கேனர், வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி. பிழை எதுவும் இல்லை என்று அது காட்டுவதாலேயே மகிழ்ந்துவிடாதீர்கள். விற்பதற்கு முதல் நாள் பிழைகளை அழித்திருந்தால், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடியாமல் நிற்கும். அதையும் ஸ்கேனரிலேயே பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். டயரின் மேல் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இந்த வயது டயரில் வேகம் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

டெல்லிப் பதிவு வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு வந்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தப் பயத்தில் விற்றவர்கள் பலர். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டுச் சாலை வரியையும் கட்டிய பிறகு கணக்குப் போட்டுப் பாருங்கள், மலிவா என்று. கடன் இருந்த வண்டியானால், கடன் முடிந்தது என்று கடன் கொடுத்தவர் கையெழுத்திடும் படிவம் 35 கையில் வராமல் பணம் கொடுக்கவே கூடாது.

வாங்கியாகிவிட்டதா? இனி நம் சாலை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் அங்குலம் அங்குலமாக நகர்வது, பழைய 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ போன்ற உலர் இரட்டைக் கிளட்ச் வண்டிகளுக்கு, அதாவது எண்ணெயில் மூழ்காத இரண்டு கிளட்ச்சால் தானாகவே கியர் மாறும் வண்டிகளுக்கு, ஆகாது. கிளட்ச் பாதி பிடித்தபடியே உரசிச் சூடாகும். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். இரண்டு வண்டி இடம் விட்டு, ஒரே நகர்வாக நகருங்கள். எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட ஆறு கியர் வகை இதைத் தாங்கும். ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்று பிரேக் குழாயையும் அடிப்பகுதி போல்ட்டுகளையும் தின்னும். அதற்காக வாரம் ஒருமுறை அடிப்பாகத்தைக் கழுவுகிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் எந்தத் தண்ணீரில்? கரையோரத்துப் போர் தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கரித்தால், அது உப்பைக் கழுவவில்லை, ஏற்றுகிறது. மெட்ரோ தண்ணீர் ஒரு குடம் போதும். ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடுவதும் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கமே போக வேண்டாம். இந்த வண்டிகளில் காற்று இழுக்கும் வாய் பெரும்பாலும் தாழ்வாக இருக்கும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். எஞ்சினுக்கென்று தனிக் காப்பீடு சேர்த்திராவிட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான். சாவியைக் கழற்றிப் பையில் போடுங்கள். முன் சக்கரத்தையோ பின் சக்கரத்தையோ மட்டும் தூக்கி இழுக்கும் வண்டியைக் கூப்பிடாதீர்கள். பம்பர் தரையில் தேயும். முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டு லாரிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள்.