இனவரைவியல்: வரைவது எந்த இனத்தை?

சிங்கப்பூரில் 'இனம்' என்றதும் அடையாள அட்டைதான் ஞாபகத்துக்கு வரும்: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். போதாக்குறைக்கு ஜூலை 21 இன நல்லிணக்க நாள் வேறு. அதனால் எத்னோகிராபிக்குத் தமிழில் 'இனவரைவியல்' என்று முதலில் கேட்டபோது, இனவாரியாகக் கணக்கெடுக்கும் துறை போலும் என்றே நினைத்தேன்.

மூலம் கிரேக்கம். 'எத்னோஸ்' என்றால் மக்கள், கூட்டம். ஹோமரின் காவியத்தில் தேனீக் கூட்டத்துக்கும் அதே சொல்தான். 'கிராபீன்' என்றால் எழுதுதல். ஒரு கூட்டத்தாரோடு இருந்து, அவர்கள் வாழ்வதைப் பார்த்து எழுதுவது எத்னோகிராபி.

சரி, 'இனம்' பொருந்துமா? திருக்குறளின் 46ஆம் அதிகாரம் சிற்றினம் சேராமை. அங்கே இனம் என்பது பிறப்பால் வருவதல்ல, நாம் கூடிப் பழகும் கூட்டம். அந்தப் பழைய பொருளில் எடுத்துக்கொண்டால் எத்னோஸுக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைக்காது. கோப்பிக்கடையில் தினமும் ஒரே மேசையில் உட்காருபவர்களும் ஓர் இனம்தான். 'வரைவு' என்பது தீட்டுதல், எழுதுதல். (சங்க அகப்பாடல்களில் வரைவு என்றால் திருமணம். இனவரைவியலை அப்படிப் படித்தால் வேறு கதையாகிவிடும்.)

இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர் மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி. 1915க்கும் 1918க்கும் இடையே பாப்புவா நியூ கினியைச் சேர்ந்த டிரோபிரியாண்ட் தீவுகளில் ஊருக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கி, அந்த ஊர் மொழியையும் கற்றுக்கொண்டு ஆய்வு செய்தவர். அவர் வழிவந்த முறையைத் தமிழகத்தில் 'பங்கேற்பு உற்றுநோக்கல்' என்கிறார்கள். இலங்கைத் தமிழர் 'அவதானிப்பு' என்பார்கள். எனக்கு அவதானிப்பு பிடிக்கும், வாயில் எளிதாக வருகிறது.

அப்புறம் 'களக்குறிப்பு', ஆய்வு செய்யும் இடத்தில் பார்த்ததையும் கேட்டதையும் எழுதிவைப்பது. நெல்லடிக்கும் இடமும் களம், போர் நடக்கும் இடமும் களம். இதிலும் அடித்துத் தூற்றும் வேலை உண்டு. அங்கேயே கிறுக்கிய துணுக்குகளை, நினைவு மங்குமுன் அன்றைக்கே விரித்து எழுதிவிட வேண்டும். மனக்குமுறலுக்கு நாட்குறிப்பு தனி. மாலினோவ்ஸ்கியும் அப்படி ஒன்று வைத்திருந்தார். அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து, 1967இல் அது அச்சானபோது பெரிய சர்ச்சை.

பயிற்சிக்காகத் தேக்கா உணவங்காடியில் ஒரு தேநீர்க் கடை எதிரே உட்கார்ந்தேன். முதல் நாள் எழுதியது: 'கடைக்கார அண்ணன் அன்பானவர். நல்ல கூட்டம்.' படித்துப் பார்த்தால் இதில் நான் கண்ணால் கண்டது எதுவுமே இல்லை, எல்லாம் என் தீர்ப்பு. மறுநாள் எழுதியது இது:

'10.40. தொப்பி போட்ட பெரியவர் வருகிறார். எதுவும் கேட்கவில்லை. அண்ணன் சீனியில்லாத தே ஓ (பாலில்லாத தேநீர்) ஆற்றி நீட்டுகிறார். "பாத்து மாமா, சூடு." காசு வாங்கவில்லை. பெரியவரும் கொடுக்கவில்லை.'

'அன்பானவர்' என்று எழுதி முடித்திருந்தால் அந்தக் காசு என் கண்ணில் பட்டிருக்காது. மூன்றாம் நாள் அண்ணனிடமே கேட்டேன்.

"மாமாவா? வெள்ளிக்கிழமை மொத்தமா குடுத்துடுவாரும்மா."