டக்ட் தூசை எடை போடலாம், காற்றை?

குளிர்ந்த காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் தகரக் குழாயான வீட்டு ஏசி டக்டைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் வேலைக்கு முன்னும் பின்னும் குழாய்க்குள் படம் எடுத்துக் காட்டுவார்கள். முதல் படத்தில் கம்பளி மாதிரி தூசு, அடுத்ததில் தகரம் பளபளக்கும். சரி, தகரம் சுத்தமாகிவிட்டது. நாம் மூச்சில் இழுக்கும் காற்று சுத்தமானதா என்பது தனிக் கேள்வி, அதை அளக்கும் விதமும் தனி.

தகரத்தை அளப்பது சுலபம். அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்பவர்களின் சங்கமான நாட்கா அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது. முதலிலேயே எடை போட்டு வைத்த சின்ன ஃபில்டரை ஒரு பம்ப்போடு இணைத்து, டக்டின் உள்பக்கத்தில் 100 சதுர சென்டிமீட்டர் இடத்தில் மிச்சமிருக்கும் தூசை உறிஞ்சி எடுத்து, ஃபில்டரை மறுபடியும் எடை போடுகிறார்கள். கூடிய எடை 0.75 மில்லிகிராமுக்குள் இருந்தால் தேறியது. படத்தைவிட இதை நான் நிச்சயம் நம்புவேன்.

காற்றுதான் பாடாய்ப் படுத்தும். துகள் எண்ணும் கருவி காற்றை உறிஞ்சி ஒரு லேசர் ஒளி வழியாக அனுப்பும், ஒவ்வொரு துகளும் சிதறடிக்கும் ஒளியை வைத்து எத்தனை துகள், எவ்வளவு பெரியது என்று சொல்லும். ஆனால் யாராவது போர்வையை உதறினாலோ, அடுப்பில் எதையாவது வறுத்தாலோ, ஜன்னலைத் திறந்தாலோ எண் எகிறிவிடும். சுத்தம் செய்யும் வேலையே தூசைக் கிளப்பும். அசையாத காற்றில் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் நொடிக்கு சுமார் 3 மில்லிமீட்டர் இறங்கும், இரண்டரை மீட்டர் கூரையிலிருந்து தரைக்கு வர கால் மணி நேரம் போதும். 1 மைக்ரான் துகளுக்கோ கிட்டத்தட்ட 20 மணி நேரம். அதனால் வேலை முடிந்த கையோடு கருவியை நீட்டிக் காட்டுகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. முன்னால் சில நாள், பின்னால் சில நாள், ஃபேன் ஓடும் நேரத்தை மாற்றாமல், வெளிக்காற்றையும் சேர்த்து அளக்க வேண்டும், அப்புறம் சுத்தம் செய்யாத அதே மாதிரி வீடு ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

டக்டைச் சுத்தம் செய்வது நோயைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை, அழுக்கு டக்டால் வீட்டுக் காற்றில் தூசு கூடுகிறது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொன்னது. யோசித்தால் காரணம் புரியும்: துகள் சிறியதாக ஆக ஆக, அதன் எடையைவிடச் சுவரோடு அது ஒட்டியிருக்கும் விசை பல மடங்கு பெரிதாகிவிடுகிறது. டக்டில் வழக்கமாக ஓடும் காற்று அதைப் பெயர்த்தெடுக்கச் சிரமப்படும். ஆனால் உள்ளே பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தாலோ, எலி குடியிருந்தாலோ, காற்று வரும் வாயிலிருந்து தூசு கொட்டினாலோ தாராளமாகச் சுத்தம் செய்யலாம், அந்த முகமையும் அப்படித்தான் சொல்கிறது.

கரண்ட் மிச்சமாகும் என்று சொல்லி விற்றால், டக்டைவிட ஃபில்டரையும் குளிர்விக்கும் காயிலையும் கவனியுங்கள், காற்றை அதிகம் மறிப்பது அங்கே படியும் அழுக்குதான். காயிலுக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தை, ஃபேன் ஒரே வேகத்தில் ஓடும்போது, வேலைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை பாஸ்கலில் அளக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான், அந்த அழுத்தத்தை அளக்கும் கருவியே ஃபில்டரை எப்போது மாற்றுவது என்றும் காட்டிக்கொடுக்கும்.