மண்டை ஓடு இருந்தது, போன் நம்பர் இல்லை

ஜூன் 26 நெருங்கினால் எனக்குப் பொன்னாடைக் காலம். சர்வதேச போதைப்பொருள் எதிர்ப்பு நாள் என்பதால் கல்லூரிகளிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். மேடையில் ஒரு மனநல மருத்துவர் உட்கார்ந்திருந்தால் நிகழ்ச்சிக்கு ஒரு களை வருகிறது போலிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு கல்லூரிக்குப் போனேன். பந்தல், பேண்டு வாத்தியம், பேரணிக்கு வந்தவர்களுக்கெல்லாம் டி-ஷர்ட், தொப்பி, மதியச் சாப்பாடு. வாசலில் பெரிய பேனர். அதில் ஒரு மண்டை ஓடு, ஒரு சிரிஞ்சு. பேசி முடித்துக் கார் பக்கம் வந்தபோது ஒரு பையன் பின்னாலேயே வந்தான். "சார், என் ரூம்மேட் வலி மாத்திரையை ஊசியா போட்டுக்கிறான். நிறுத்தினா உடம்பெல்லாம் முறுக்குது, வயித்தால போகுதுங்கிறான். எங்க கூட்டிட்டுப் போறது?"

பேனரைத் திரும்பிப் பார்த்தேன். தாளாளர் பெயர் இருந்தது, கல்லூரி முதல்வர் பெயர் இருந்தது, என் பெயரும் பட்டங்களோடு இருந்தது. ஒரு போன் நம்பர் இல்லை. நானும் சொல்லவில்லை. நாற்பது நிமிடம் மூளை, டோபமைன் என்று பேசியிருக்கிறேன்.

இந்த மாதிரிச் செலவுக்குப் பலன் உண்டா என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1998 முதல் 2004 வரை, இளையவர்களுக்கான போதை எதிர்ப்பு விளம்பரங்களுக்கு அந்நாட்டு நாடாளுமன்றம் 120 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. (முக்கியமாகக் கஞ்சாவுக்கு எதிரான பிரசாரம் அது.) பலனை அளக்கும் ஆய்வுக்கே 4 கோடி டாலருக்கு மேல் ஆனது. பிள்ளைகளுக்கு விளம்பரங்கள் நன்றாக நினைவிருந்தன. பழக்கம் மட்டும் குறையவில்லை. விளம்பரத்தை அதிகம் பார்த்தவர்களிடம், 'நம் வயசுப் பசங்க நிறைய பேர் இதைச் செய்றாங்க போல' என்ற எண்ணம் வளர்ந்ததற்கான அறிகுறிகூடத் தென்பட்டது. போதை மாத்திரையின் பெயரையும் படத்தையும் மேடையில் காட்டி எச்சரிக்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும். இங்கே புழங்கும் மாத்திரையின் பெயரை இந்தக் கட்டுரையிலும் எழுதப்போவதில்லை.

அதே காலத்தில், அதே நாட்டில் இன்னொரு பிரசாரம் நடந்தது. பர்டூ ஃபார்மா என்ற மருந்து நிறுவனம் 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற அபின் வகை வலி மருந்து) மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 'வலியைப் பற்றிய கல்வி' என்ற பெயரில் 2001க்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநாடுகள். மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், செவிலியர்கள் என 5,000 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். 2001இல் மட்டும் விற்பனைப் பிரசாரத்துக்கு 20 கோடி டாலர். அடிமையாகும் ஆபத்து குறைவு என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். 1996இல் 4.8 கோடி டாலராக இருந்த விற்பனை 2000இல் ஏறத்தாழ 110 கோடியானது. அந்தப் பேச்சு பொய் என்று 2007இல் நிறுவனமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. இன்று அங்கே உயிரை எடுப்பது பெரும்பாலும் கள்ளச்சந்தையில் விற்கும் ஃபென்டனில் என்ற வீரியமான ஓபியாய்டுதான். ஆனால் முதல் அலை மருந்துச்சீட்டிலிருந்து கிளம்பியது. 2022இல் மட்டும் அளவுமீறிய போதையால் இறந்தவர்கள் 1 லட்சத்து 7 ஆயிரத்துக்கு மேல்.

ஆக, பிரசாரம் பலிக்கும். பர்டூவுக்குப் பலித்தது. அவர்கள் சீட்டு எழுதும் கையைத் தேடிப் போய், இதை எழுதுங்கள் என்று ஒரே ஒரு வேலையைக் கேட்டார்கள். நோயாளிக்கு முதல் தவணை இலவசம் என்று கூப்பனும் கொடுத்தார்கள். நாம் வெயிலில் பேரணி போய், தெருவில் நிற்பவர்களையெல்லாம் பயமுறுத்திவிட்டு வீட்டுக்கு வருகிறோம்.

பயத்துக்கும் ஒரு செலவு இருக்கிறது, அது எந்த பில்லிலும் வராது. முழங்கைப் பக்கம் சீழ் கட்டிய நிலையில் மகனை அழைத்துவந்த ஒரு அம்மாவிடம், ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க என்று கேட்டேன். "போலீஸ்ல சொல்லிடுவீங்களோன்னு பயம் சார்." தானாகச் சிகிச்சைக்கு வருபவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புத் தர போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்றே ஒரு பிரிவு இருக்கிறது. நான் பார்த்த எந்த பேனரிலும் அது இருந்ததில்லை. இன்னொரு பக்கம், புற்றுநோய் வலியில் துடிக்கும் கணவருக்கு மார்ஃபின் வேண்டாம் என்று மறுத்த மனைவியையும் பார்த்திருக்கிறேன். "அது போதை மருந்தாமே?" மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும் மார்ஃபின் அவருக்கு ராத்திரித் தூக்கத்தைத் தந்திருக்கும்.

எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, ஓபியாய்டு பழக்கத்துக்கு உதவி தேவைப்படுபவர்கள் இந்தியாவில் சுமார் 77 லட்சம் பேர். அவர்களுக்குத் தெரியவேண்டிய விஷயங்கள் பேனருக்குள் அடங்கிவிடும். போதை மருந்துக்குப் பதிலாகக் கொடுக்க, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு அரசின் மாற்று மருந்து மையங்களில் அது இலவசம். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் கட்டணமில்லாமல் பேசலாம்.

இன்னொன்றை வீட்டாரிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கொஞ்ச நாள் அடைத்துவைத்து நிறுத்தினால் உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுவிடலாம். மகன் 'திருந்தி' வந்த முதல் சில வாரங்கள்தான் அதிக ஆபத்தானவை.

இப்போதெல்லாம் அழைப்பு வந்தால் ஒரு நிபந்தனை போடுகிறேன். டி-ஷர்ட் காசில் பாதியை எடுத்து, சுற்றுவட்டார மெடிக்கல் கடைக்காரர்களையும் விடுதிக் காப்பாளர்களையும் இருபது பேராக உட்காரவைத்து அரை நாள் பேச ஏற்பாடு செய்யுங்கள். பேனரில் மண்டை ஓட்டுக்குப் பதிலாக நம்பர் போடுங்கள். பாதிப் பேர் அப்புறம் கூப்பிடுவதில்லை. போன மாதம் ஒரு பேராசிரியர் ஒத்துக்கொண்டார். நேற்று பேனர் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். 14446 நல்ல பெரிய எழுத்தில் இருந்தது. கீழே மூலையில் சின்னதாக ஒரு மண்டை ஓடு.

"அது இல்லன்னா எடுப்பா இல்லைங்கிறாங்க சார்" என்றார். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.