கேலரி: காட்சிக்கூடம்

போனில் படங்கள் சேரும் இடத்துக்குப் பெயர் கேலரி. கிரிக்கெட் மைதானத்தில் படிப்படியாக உட்கார்ந்து பார்க்கும் இடமும் கேலரி. ஓவியம் மாட்டியிருக்கும் மண்டபமும் கேலரிதான். ஒரே சொல்லுக்கு இத்தனை பொருள் இருப்பதால், ஒளிப்படக் கலைஞர் ஒருவர் “கேலரியும் ஸ்டோரும் வைத்து ஒரு இணையத்தளம் செய்து தாங்க” என்று கேட்டு வந்தால் நான் முதலில் அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேசுவேன். இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் நல்ல கண் உள்ள ஒளிப்படக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேலரி என்றதும் அவர்களில் பலருக்கு மனதில் வருவது போனில் உள்ள கேலரி: எடுத்த படம் எல்லாம், எடுத்த வரிசையில். கலைப்படம் எடுத்து விற்கிறவருக்கு அது சரிவராது.

இத்தாலிய மொழியின் ‘கல்லேரியா’, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்த சொல் இது. இடைக்கால இலத்தீனில் தேவாலயத்தின் முன்மண்டபத்தைக் குறித்த ‘கலிலேயா’ என்ற சொல் திரிந்து உருவாகியிருக்கலாம் என்பது அறிஞர்கள் சொல்லும் ஒரு கருத்து. ஆரம்பத்தில் அதற்குப் படத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கூரை போட்ட நீண்ட நடைபாதை, ஆட்கள் நடந்து போகும் ஒடுக்கமான தாழ்வாரம், அவ்வளவுதான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான பழைய லயத்தில் காம்பராக்களின் முன்னால் நீளமாக ஓடும் இஸ்தோப்பை நினைத்துக்கொண்டால் போதும். (இஸ்தோப்பு ஒல்லாந்தரின் ‘ஸ்தூப்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. காம்பரா போர்த்துக்கேயரின் ‘காமரா’. அதற்கும் மூலம், அறை என்று பொருள்படும் இலத்தீன் ‘கமெரா’. படம் பிடிக்கும் கமராவும் அதே சொல்தான். இருட்டறை என்ற பொருளில் ‘கமெரா ஒப்ஸ்கூரா’ என்று சொன்னதில் முன்பாதி மட்டும் நிலைத்துவிட்டது. லயக்காம்பராவும் கமராவும் ஒரே வேரில் பிறந்தவை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.)

நடைபாதையின் பெயர் படங்களுக்கு எப்படிப் போனது? இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்து உஃபீசி மாளிகை அதற்கு நல்ல உதாரணம். உஃபீசி என்றால் அலுவலகங்கள். நகரத்தை ஆண்ட மெடிச்சி குடும்பத்தினருக்காக 1560இல் கட்டடக் கலைஞர் வசாரி கட்டத் தொடங்கிய அரச அலுவலகக் கட்டடம் அது. 1581இல் அதன் மேல்மாடி நடைபாதையில் அந்தக் குடும்பம் தன் சிலைகளையும் ஓவியங்களையும் வைத்தது. வெளிச்சம் உள்ள நீண்ட சுவர், ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடக்க இடம். 1769இல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். இப்படிப்பட்ட நடைபாதைகளில் படங்கள் குடியேறியதால், பாதையின் பெயரே படம் பார்க்கும் இடத்தின் பெயராகிவிட்டது.

ஆக, நடப்பது, நிற்பது, ஒன்றைப் பார்த்த பிறகு அடுத்ததுக்குப் போவது எல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. போனின் கேலரியில் இவை எதுவும் இல்லை. அதற்குப் ‘படத்தொகுப்பு’ என்ற தமிழ் போதும். கலைஞரின் தளத்துக்கு நான் எழுதுவது ‘காட்சிக்கூடம்’. காண் என்ற வினையிலிருந்து காட்சி. கூடம் என்றால் ஆட்கள் கூடும், புழங்கும் இடம். பள்ளிக்கூடம் என்று சொல்லிச் சொல்லி நம் வாய்க்குப் பழகிய சொல். ‘காட்சியகம்’ என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை. ‘கலைக்கூடம்’ என்றால் படம் உருவாகும் இடம், அதாவது ஸ்டூடியோ என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. ‘ஒன்லைன்’ என்பதற்கு இலங்கையின் அரசுத் தமிழில் ‘நிகழ்நிலை’ என்று எழுதுவது வழக்கம். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தால் அது எல்லாருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. ஆனால் தளத்தின் பெயர்ப் பட்டையில் ‘இணையக் காட்சிக்கூடம்’ என்று போட்டால் யாருக்கும் உடனே விளங்கும்.

தமிழில் இந்த எண்ணம் புதிதும் அல்ல. பரிபாடலின் 19ஆம் பாட்டில் திருப்பரங்குன்றத்து ‘எழுத்துநிலை மண்டபம்’ வருகிறது. எழுத்து என்றால் அங்கே ஓவியம். கோயிலுக்கு வந்தவர்கள் ஓவியங்களைச் சுட்டிக்காட்டி இவள் யார், இவன் யார் என்று கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் இவள் இரதி, இவன் காமன் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மாசி மாதம் தோட்டங்களில் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த இரண்டு பேரும் நன்கு தெரிந்தவர்கள். அந்தப் பாட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கேள்வியும் பதிலும்தான். படத்தின் முன்னால் நிற்கிறவர் கேட்பார். கேட்டதுக்குப் பதில் அங்கேயே இருக்க வேண்டும்.

ஒளிப்படத்தை நுண்கலை என்று மதிக்க வைத்தவர்களில் ஒருவர் நம் மண்ணில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார். ஜூலியா மார்கரெட் கமரன் தன் முதல் கமராவைப் பெற்றபோது அவருக்கு வயது 48. இலண்டனில் தன் படங்களைப் பதிப்புரிமைக்குப் பதிவு செய்தார், அட்டையில் கையொப்பமிட்டார், ‘நேரில் எடுத்தது’ என்ற பொருளில் ஒரு குறிப்பும் எழுதினார், கோல்னாகி என்ற ஓவிய வணிகர்கள் வழியாக விற்றார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் இறந்தார். பொகவந்தலாவையில் உள்ள புனித மரியாள் ஆலயத்தில் கணவருக்குப் பக்கத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. இன்று ஒரு கலைஞரின் தளத்தில் படம், கையொப்பம், பதிப்புரிமை, விற்பனை என்று நாம் எதை எல்லாம் அடுக்குகிறோமோ அதை எல்லாம் அவர் காகிதத்திலேயே செய்து முடித்திருந்தார்.

இலங்கையில் தொழிலாளர்களையும் அவர் படம் எடுத்தார். அவர் காலத்திலும் அதற்குப் பிறகும் கண்டியிலும் கொழும்பிலும் இருந்த ஸ்டூடியோக்கள் மலைநாட்டுப் படங்களைப் பயணிகளுக்கு விற்றன. இங்கிலாந்தின் பெரிய மனிதர்களை எடுத்தபோது படத்தின் கீழே பெயர் எழுதினார்கள். நம்மவர்களை எடுத்தபோது ‘தமிழ்ப் பெண்’, ‘கொழுந்து பறிப்பவள்’ என்று மட்டும் எழுதினார்கள். நம் பாட்டிமார் அந்தப் படங்களில் பெயர் இல்லாமலே நிற்கிறார்கள். அதனால் நான் செய்யும் காட்சிக்கூடத்தில் ஆள் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் விளக்கவரி கட்டாயம் கேட்பேன்: அவரிடம் சம்மதம் வாங்கி, அவர் விரும்பும்படி பெயர், தோட்டம், ஆண்டு. பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் போடக்கூடாது. விற்பனைக்குச் சம்மதம் இல்லை என்றால் அந்தப் படம் கடைக்கே போகக்கூடாது.

கடை என்றதும் ‘ஸ்டோர்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டு, நிரப்பு, சேமித்து வை என்ற பொருள் உள்ள பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் அது. பண்டகசாலைதான் முதல் பொருள். தோட்டத்தில் ஸ்டோரு என்றால் தேயிலைத் தொழிற்சாலை. கோப்பிக் காலத்தில் கோப்பியைப் பதப்படுத்தி வைத்த கட்டடத்துக்கு இருந்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஆகவே நம்மூர்க்காரர் பார்க்கும் தளத்தில் ஸ்டோர் என்று எழுத எனக்கு மனமில்லை. ‘படம் வாங்க’ என்று எழுதுகிறேன். ‘கூடையில் சேர்’ என்ற பொத்தானையும் தவிர்க்கிறேன். தலையில் கூடைக் கயிறு அழுந்த நிற்கும் ஒரு அம்மாவின் படத்துக்குக் கீழே அந்தச் சொல் வரக்கூடாது.

‘லிமிடெட் எடிஷன்’ என்பதை ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று எழுதினால் இங்கே கம்பனிப் பெயர் மாதிரி ஒலிக்கிறது. ‘எண்ணிட்ட படி’ என்பது சுருக்கம். மொத்தம் 25 படிகள் என்றால் மூன்றாவது படியில் 3/25 என்று வரும். 25 முடிந்தால் அந்த அளவில் மறுபடி அச்சிடக் கூடாது. காகிதம் எது, படம் எத்தனை அங்குலம், படச்சட்டம் (பிரேம்) சேர்த்தா சேர்க்காமலா, அனுப்புகிற செலவு யாருடையது என்பவை விலைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கூடத்தின் சுவருக்கு வருவோம். மலையகப் படங்களில் பாதிக்கு மேல் மூடுபனி. ஹப்புத்தளை மேட்டிலிருந்து எடுத்த ஒரு பனிப்படத்தை வெள்ளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வானம் எங்கே முடிகிறது, பக்கம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. படத்தின் மேல் ஓரம் கரைந்து, மரங்கள் மட்டும் ஆதாரம் இல்லாமல் மிதக்கும். பின்னணியை இளஞ்சாம்பலுக்கு மாற்றினால் பனி வெளிச்சமாக எழுந்து நிற்கும். அதே நேரம் முழுக் கறுப்புப் பின்னணியில் பனி கண்ணைக் கூசும், நிழல் பகுதி செத்துப்போகும். அப்புறம் சிறுபடங்கள். தளம் கட்ட உதவும் பல வார்ப்புருக்கள் (டெம்ப்ளேட்) எல்லாச் சிறுபடத்தையும் சதுரமாக வெட்டிவிடும். நீளமாக எடுத்த லயத்தை வெட்டினால் நடுவில் இரண்டு கதவுதான் மிஞ்சும். சதுரத்தை விட்டு, உயரத்தை மட்டும் ஒன்றாக்கி, அகலத்தைப் படத்தின் போக்குக்கு விட வேண்டும். ஒரு படத்தொடருக்கு 12 முதல் 15 படங்களுக்கு மேல் நான் வைப்பதில்லை. தோட்டத்துப் பக்கம் சிக்னல் மெலிவு, மொபைல் டேட்டாவில்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு படமும் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும்.

படம் திருடுபோகும் என்ற பயத்தில் பெயரை வாட்டர்மார்க்காக, அதாவது நீர்க்குறியாக, குறுக்கே பெரிதாக எழுதிவிடச் சொல்கிறார்கள். ஈரக் காகிதத்தில் கம்பி அச்சுப் பதித்து, வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரியும்படி செய்ததுதான் முதலில் நீர்க்குறி. ரூபாய் நோட்டில் இன்றும் பார்க்கலாம். முகத்தின் மேல் தடித்த எழுத்து போடுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அதைவிடப் பயனுள்ளது அளவைக் குறைப்பது. நீளப் பக்கம் 2000 பிக்சல் உள்ள படம் திரையில் நிறைவாகத் தெரியும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பதால் அதை 7 அங்குலத்துக்குக் கூடத் தரமாக அச்சிட முடியாது. 16க்கு 24 அங்குல அச்சுக்குத் தேவையான 4800க்கு 7200 பிக்சல் கோப்பு தளத்தில் இருக்கவே கூடாது. அது கலைஞரின் கையில் இருந்து அச்சகத்துக்கு மட்டும் போகட்டும்.